மகத்துக்குப் போன ஆமை வண்டி

வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடின வண்டி, மாசி மகத்துக்கு முந்தின நாள் காலையில்தானா இடது பக்கம் இழுக்க வேண்டும் என்று சின்னராசுவுக்கு வயிறு எரிந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, உப்பங்கழி கடலில் கலக்கிற முகத்துவாரத்தின் தென்கரையில் அந்த விடுதி இருந்தது. சுனாமிக்கு அப்புறம் எழும்பியது. வருகிறவர்களைச் சுற்றிக் காட்ட முதலாளி ஒரு வண்டி வாங்கிப் போட்டிருந்தார். ஆறு சக்கரம், உடம்பு முழுக்க கெட்டி பிளாஸ்டிக் தொட்டி. மணலில் ஓடும், சேற்றில் ஓடும், அப்படியே கழியில் இறக்கினால் சக்கரமே துடுப்பாகச் சுழன்று மிதந்துகொண்டு போகும். ஸ்டியரிங் வளையம் கிடையாது. ஓட்டுகிறவனுக்கு முன்னால் இரண்டு கைப்பிடிகள். இடதை இழுத்தால் இடப்பக்கத்து மூன்று சக்கரமும் நிற்கும், வலப்பக்கம் மட்டும் ஓடும், வண்டி இடது பக்கம் திரும்பும். வலதை இழுத்தால் வலது. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் இருந்தது. வேலைக்காரர்கள் ஆமை வண்டி என்றார்கள். கொஞ்ச நாளில் முதலாளியும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சின்னராசு இருளர் வீட்டுப் பிள்ளை. கழிச் சேற்றில் கையை விட்டு நண்டு பிடித்து வளர்ந்தவன். விடுதி கட்டும்போது மண் சுமக்க வந்தான், கட்டி முடித்ததும் தோட்ட வேலைக்கு நின்றான். ஆமை வண்டி வந்து இறங்கியபோது அதைத் தண்ணீரில் இறக்க மற்றவர்கள் பயந்தார்கள். கழியில் எது பள்ளம், எது திட்டு என்று இவன் காலுக்குத் தெரியும் என்பதால் மேனேஜர் ஹரிகிருஷ்ணன் இவனை அதில் உட்கார வைத்தார். வயசு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி காய்ச்சலில் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளை இல்லை. வேலை முடிந்து படுத்தால் உடம்பு வலிதான் துணை.

அவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் இருந்தது. மாசி மகம்.

மகத்துக்கு இருளர் சனம் எங்கெங்கேயிருந்தோ மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேரும். செங்கல் சூளையிலிருந்து, அரிசி மில்லிலிருந்து, செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்பிலிருந்து. மணலில் நாலு கம்பை நட்டு, சேலையைச் சுற்றிக் கட்டினால் அது வீடு. முழு நிலவில் ராத்திரி கழியும். விடியற்காலை அலை ஓரத்தில் மணலால் ஏழு படி பிடித்து, தங்கள் தெய்வம் கன்னியம்மாவைக் கூப்பிட்டுப் படைப்பார்கள். பெண் கேட்பது, கொடுப்பது, தாலி கட்டுவது எல்லாம் அந்தப் படிக்கு முன்னால்தான்.

ஆதியம்மாளை அவன் அங்கேதான் பார்த்தான். குடிதண்ணீருக்காக மணலில் ஊற்று தோண்டிக்கொண்டிருந்தபோது குடத்தோடு வந்து நின்றாள். மதுராந்தகம் அரிசி மில்லில் நெல் காயவைக்கிற வேலை. கட்டினவன் இறந்துபோய்விட்டான். அண்ணன் நீலமேகத்தின் குடும்பத்தோடு மில் களத்திலேயே இருக்கிறாள். அந்த மகத்தில் இரண்டு பேச்சு, அடுத்த மகத்தில் நாலு பேச்சு. நடுவில் இருக்கிற மாசமெல்லாம் சின்னராசு அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் சிரித்தது எந்த இடத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டது எந்த இடத்தில் என்று.

போன மகத்தில் அவன் தன் வண்டியைப் பற்றிச் சொன்னான். அவள் நம்பவில்லை.

“தரையிலயும் ஓடும், தண்ணியிலயும் ஓடும்னா? இன்னா கதை வுடுற? நான் நண்டு ஓட்டறேன்னு சொல்லு, ஒத்துக்கறேன்.”

பக்கத்திலிருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். ஆனால் புறப்படுகிற நேரத்தில் அவளே தனியாக வந்து, வருகிற மகத்தில் அண்ணனிடம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். கேட்பதென்றால் எப்படி என்று அவனுக்கும் தெரியும். அவர்கள் கூட்டத்தில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சூரியன் தண்ணீரை விட்டு எழும்புவதற்குள் படிக்கு முன்னால் நின்று கேட்டுவிட வேண்டும். எழும்பிவிட்டால் கன்னியம்மா கடலுக்குத் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். அதற்கப்புறம் கேட்பது வெறும் பேச்சு. வாக்கு ஆகாது. வாக்கு வேண்டுமென்றால் அடுத்த மகம்.

ஆகவே மகத்தன்று விடியும்போது அவன் கழியின் அக்கரையில் இருக்க வேண்டும். இந்த வருஷம் முழுக்க அவன் வேண்டியது அவ்வளவுதான்.

லீவு கேட்டாயிற்று, ஹரிகிருஷ்ணனும் தலையாட்டியாயிற்று. ஆனால் மகத்தன்று மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக் கூட்டம் வருகிறது. ஆமை வண்டியில் ஏற்றிக் கழியைச் சுற்றிக் காட்டுவதாக அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. வண்டியைத் தயாராக வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றார். நியாயம்தான். அவர் துறையூர்க்காரர், சம்பளத்துக்கு வந்த மனுஷர், ஆளை விரட்டுகிறவர் இல்லை. காலையில் வண்டி இழுக்கிறது என்று சின்னராசு போய்ச் சொன்னதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே வந்து மணலில் முட்டி போட்டார்.

முதலில் காற்றைப் பார்த்தார்கள். ஆமை வண்டியின் சக்கரத்தில் டிராக்டர் மாதிரி கல்லாகக் காற்று அடிக்கக் கூடாது. மெத்தென்று அமுங்க வேண்டும், ஆறும் ஒரே மாதிரி அமுங்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். சின்னராசு ஒவ்வொன்றையும் முழங்காலால் அழுத்திப் பார்த்தான். இடது பின் சக்கரம் கொஞ்சம் இளைத்திருந்தது. அடித்தார்கள். ஓட்டிப் பார்த்தால் பழையபடி இடது பக்கமே போனது.

அப்புறம் பிரேக் மேல் சந்தேகம். இடது கைப்பிடியை விட்ட பிறகும் உள்ளே பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் இப்படித்தான் இழுக்கும் என்றார் ஹரிகிருஷ்ணன். சவுக்குக் கட்டைகளைக் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியரை விடுவித்துக் கையால் சக்கரத்தைச் சுற்றினார்கள். லேசாகச் சுற்றியது. பிடிப்பு இல்லை. கைப்பிடியில் எண்ணெய் குறைந்திருக்கிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று அவர் அதையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க சின்னராசுவுக்குப் பதறியது. ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் தேவலை. எது என்று தெரியாமல் மணி போகிறதே.

மறுபடி இறக்கி, காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் வளைத்து வளைத்து ஓட்டச் சொன்னார். இடது வளைவில் சத்தம் இல்லை. வலது கைப்பிடியை இழுத்து வலது பக்கம் வளைத்தபோது காலுக்குக் கீழே டக், டக் என்று அடித்தது. ஹரிகிருஷ்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வலது திரும்பும்போது முழு பாரத்தையும் இழுப்பது இடப்பக்கம். பாரம் ஏறினால் இடப்பக்கத்துச் செயின் பல்லிலிருந்து நழுவுகிறது. நழுவுகிற நேரத்தில் இடப்பக்கச் சக்கரம் பின்தங்குகிறது. வண்டி இழுப்பது அதனால்தான். ஸ்டியரிங்கில் கோளாறே இல்லை.

காலடித் தகட்டைக் கழற்றினார்கள். கியர் பெட்டியிலிருந்து நடு அச்சுக்கு வருகிற செயின் நீண்டு, கழுத்தில் தளர்ந்த மாலை மாதிரி தொங்கியது. அழுத்திப் பிடிக்கிற உருளையைக் கடைசி வரை தள்ளியும் செயின் இறுகவில்லை. செயினைத் தொட்ட விரலில் கறுப்பாகக் களிம்பு. அதற்குள் நறநறவென்று மணல்.

காரணமும் அங்கேயே தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாம் படித்துறைப் பக்கமாக, அதாவது இடது பக்கமாகத்தான் ஏறுகிறார்கள். காலில் ஒட்டின மணல் அத்தனையும் அந்தத் தகட்டுக்குக் கீழே இறங்குகிறது. சின்னராசுவோ, கட்டை வண்டி அச்சுக்கு மசகு போடுகிற மாதிரி, பழைய என்ஜின் ஆயிலைத் தினமும் கை நிறைய எடுத்துச் செயினில் அப்பிக்கொண்டிருந்தான். ஆசையாகச் செய்த வேலை. அந்த ஆயில்தான் மணலைப் பிடித்து வைத்து, உப்புத்தாள் போல இரும்பைத் தேய்த்திருக்கிறது.

“நானும் தினம் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன், நீ பூசறதை. ரொம்ப நல்லா பார்த்துக்கறான்னு முதலாளிகிட்ட வேற சொன்னேன்” என்றார் ஹரிகிருஷ்ணன்.

புதுச் செயின் வேண்டும். மில் இயந்திரங்களுக்குப் போடுகிற செயினும் இதே அளவுதான், செங்கல்பட்டில் கிடைக்குமா என்று கேட்டார். அங்கே கிடைக்கும் என்று சின்னராசுவுக்குத் தெரியும். ஆனால் வாய் வேறு மாதிரி சொன்னது. நெல் வியாபாரம் நடக்கிற ஊர் மதுராந்தகம், அங்கே போனால்தான் அளவு தப்பாமல் கிடைக்கும் என்றான். சொல்லி முடித்த பிறகுதான் ஏன் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது. மதுராந்தகம் போனால் மில் களத்தை எட்டிப் பார்க்கலாம். நாளைக்குக் கேட்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம். ஒரு வருஷம் பொறுத்தவனுக்கு அந்த ஒரு ராத்திரி பொறுக்கவில்லை.

தேய்ந்த செயினைக் கோணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். திருக்கழுக்குன்றம் போயிற்று, செங்கல்பட்டு வந்தது. உதிரி சாமான் கடைகள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நகர்ந்தன. ஒரு கடை வாசலில் செயின்களைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மடியில் கோணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

மில் களத்தில் வெயில் கொதித்தது. பரப்பின நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு ஒரே ஒரு பொம்பளைதான் நடந்துகொண்டிருந்தாள். சரோஜா என்று பேர்; மில் காவல்காரரின் சம்சாரம். களத்து ஓரத்துக் குடிசைகளின் கதவுகளெல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தன.

“அவங்கல்லாம் காலையிலயே லாரி ஏறிட்டாங்களே, கடலுக்கு” என்றாள் சரோஜா. “நீ எங்கேருந்து வர்ற?”

கடலிலிருந்து என்று சொன்னான். அவள் காலை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அட பேஜாரே. அது உன்னைத் தேடிகினு அங்க போவுது, நீ அதைத் தேடிகினு இங்க வந்து நிக்கிறியா?”

யாரைத் தேடி வந்தேன் என்று இவன் சொல்லவே இல்லை. சரோஜாவுக்கு எப்படித் தெரிந்தது? அப்படியென்றால் ஆதியம்மாள் இவனைப் பற்றி இங்கே பேசியிருக்கிறாள். நெல் கிளறும்போது, கஞ்சி குடிக்கும்போது, எப்போதோ இவன் பேரைச் சொல்லியிருக்கிறாள். அந்த நினைப்பு ஒன்றே போதும்போல அவனுக்குக் கொஞ்ச நேரம் வெயில் தெரியவில்லை. எது அவள் குடிசை என்று கேட்டான். சரோஜா முகவாயால் காட்டினாள். கட்டின கதவு, வாசலில் கவிழ்த்து வைத்த மண்சட்டி, கொடியில் மறந்துவிட்டுப் போன ஒரு ரவிக்கை. அதற்கு மேல் நிற்க வெட்கமாக இருந்தது. வந்துவிட்டான்.

கடையில் தேய்ந்த செயினைத் தரையில் நீட்டி வைத்து, பக்கத்தில் புதுசை வைத்து, கடைக்காரர் கண்ணியைச் சரிபார்த்தார். ஒரு பக்கத்துக்கு மட்டுமா, இரண்டு பக்கத்துக்குமா என்று கேட்டார். மாற்றினால் ஜோடியாக மாற்றுவது நல்லது என்றும் சொன்னார். ஹரிகிருஷ்ணன் ஒன்றுக்குத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். வேண்டுமானால் கடையிலிருந்தே போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு வண்டி உறுமுகிற சத்தம் காதில் விழுந்தது. ஒன்று போதும் என்று வாங்கிக்கொண்டு ஓடினான்.

மகக் கூட்டத்துக்கு ரோடெல்லாம் லாரியும் வேனும். பஸ் ஊர்ந்தது. விடுதிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஹரிகிருஷ்ணன் அதற்குள் பல்சக்கரங்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, தொட்டிக்குள் இருந்த மணலையெல்லாம் வாரி வெளியே கொட்டி வைத்திருந்தார். புதுச் செயினைப் போட்டு லாக் மாட்டினார்கள். உருளையைத் தள்ளி இறுக்கும்போது அவர் ஒரு கணக்குச் சொன்னார். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு விரல் கனம் அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் இறுக்கம், அச்சைத் தின்னும். இரண்டு விரல் அமுங்கினால் தொங்கல், பல் தாவும். இடப்பக்கம் ஒரு விரல். கச்சிதம். இந்த முறை ஆயிலைத் துணியில் தொட்டுத் துடைத்ததோடு சரி.

“வலது பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துடு” என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

சின்னராசு வலது தகட்டைத் தூக்கினான். விரலை வைத்து அழுத்தினான். ஒரு விரல் அமுங்கியது. கொஞ்சம் விட்டு இன்னொரு தரம் அழுத்தினான். இரண்டு விரல் என்று சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது. உருளையில் தள்ள இன்னும் இடம் இருந்தது. ஆனால் அதன் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைக் கழற்ற ஆரம்பித்தால் உடையும். உடைந்தால் நாளைக்கு என்பதே இல்லை. அக்கரையிலிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்துகொண்டிருந்தது. தகட்டை மூடினான்.

“சரியாத்தான் கீது சார்” என்றான்.

சாப்பிட்டுவிட்டு இப்போதே ரோடு வழியாக நடந்துவிடு, பாலம் சுற்றிப் போனாலும் விடிய நிறைய நேரம் இருக்கிறது என்றார் ஹரிகிருஷ்ணன். அதுதான் புத்தி. சின்னராசுவும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். போட்டவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். கழுவித் துடைத்து, நிலா வெளிச்சத்தில் மழமழவென்று நின்றது.

தண்ணீர் வழியாகப் போனால் அக்கரை கூப்பிடு தூரம். விடியலில் இந்த வண்டியோடு கடற்கரையில் ஏறினால் எப்படி இருக்கும்? கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். போன வருஷம் சிரித்த பொம்பளைகள் எல்லாம் வாயில் கை வைப்பார்கள். அவள் பார்ப்பாள். மண் சுமந்தவன், நண்டுக்குச் சேற்றில் கை விட்டவன், தண்ணீரிலிருந்து சக்கரத்தோடு ஏறி வந்து பெண் கேட்கிறான் என்றால் நீலமேகம்தான் என்ன சொல்ல முடியும்?

“எப்படியும் தண்ணியில ஓட்டிப் பாக்கணும் இல்ல சார்? விடிகாலையில வண்டியிலயே போயிடறேன். நீங்களும் வந்தா திருப்பிக் கொண்டாந்துடலாம்” என்றான்.

ஹரிகிருஷ்ணனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மகக் கூட்டத்தை அவரும் பார்த்ததில்லை.

கிழக்கு வெளுக்கும் முன்பே கழியில் இறங்கினார்கள். சின்னராசு வேட்டி மடிப்பில் வெற்றிலையும் பாக்கும் வைத்திருந்தான். சட்டை புதுசு. வண்டி அலுங்காமல் மிதந்தது. இடது இழுப்பு போயே போய்விட்டது. கைப்பிடியை லேசாகத் தொட்டால் சொன்ன பேச்சைக் கேட்டது. எதிர்க்கரையில் நெருப்புகள் தெரிந்தன, சேலைக் கூடாரங்கள் தெரிந்தன, வெள்ளையும் மஞ்சளுமாகச் சனம் அலை ஓரத்துக்கு நகர்வது தெரிந்தது. அவன் அதில் ஒரு உருவத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

முகத்துவாரத்தின் நடுவில், கடல் அலை உள்ளே வந்து முட்டுகிற இடத்தில், வண்டியின் மூக்கு கொஞ்சம் கிழக்கே ஒதுங்கியது. நேராக்க இடது கைப்பிடியை இழுத்தான். பாரம் முழுக்க வலப்பக்கத்துக்குப் போனது. தகட்டுக்குக் கீழே டக் என்று ஒரே ஒரு அடி. அவ்வளவுதான், வலது சக்கரம் மூன்றும் நின்றுவிட்டன. செயின் பல்லை விட்டுக் கழன்று அச்சில் சிக்கிக்கொண்டது என்று பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது.

கைப்பிடியை விட்டால் இடது பக்கம் மட்டும் ஓடியது. வண்டி வலது பக்கமாக வட்டம் போட்டது. கரை முன்னால் வந்தது, நெருப்பு, கூடாரம், சனம், அப்படியே நழுவிக் கடல் வந்தது, வெறும் வெளுத்த வானம், பிறகு விடுதி, பிறகு கழி, மறுபடி கரை. இடது கைப்பிடியை இழுத்து நிறுத்தினால் சுற்றுவது நின்றது, ஆனால் கடலுக்குத் திரும்புகிற வற்றத்து நீர் வண்டியை இழுத்துக்கொண்டு போனது. விட்டால் சுற்று, பிடித்தால் கடல். விட்டான். கரை வந்தது. அலை ஓரத்தில் குனிந்து படி பிடிக்கிறார்கள். கரை போனது. கரை வந்தது. படிக்கு முன்னால் கூட்டம் கூடுகிறது. போனது.

நீந்தினால் போய்விடலாம். இந்தத் தண்ணீர் அவனுக்கு வாசல் மாதிரி. சட்டையைக் கழற்றக் கை பட்டனுக்குப் போனது.

“சின்னராசு, எனக்கு நீச்சல் தெரியாது” என்றார் ஹரிகிருஷ்ணன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஊர் பேரைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பட்டனிலிருந்து கை இறங்கியது.

பின்சீட்டுப் பலகையைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தான். வலது பக்கம் உட்கார்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ளச் சொன்னான். அவர் தள்ளினார். துடுப்பே பிடித்திராத கை, பாதி தண்ணீர் அவர் முகத்திலேயே அடித்தது. ஆனாலும் வட்டம் கொஞ்சம் நீண்டது. கரை முன்னால் வரும்போதெல்லாம் இவன் வேகம் கொடுத்தான், விலகும்போது கைப்பிடியை இழுத்து அடக்கினான். வட்டம் வட்டமாகவே, குடித்தவன் நடை மாதிரி, வண்டி வடக்கே நகர்ந்தது. கிழக்கே சிவப்பு கொட்டியது. ஒரு சுற்றில் கடல் விளிம்பில் ஒரு கீற்று. அடுத்த சுற்றில் பாதி. அதற்கடுத்த சுற்றில் அவன் கிழக்கைப் பார்க்கவில்லை.

மணல் திட்டு காலுக்கு எட்டும் என்று தெரிந்த இடத்தில் குதித்து, வண்டியின் முன் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். முன்சக்கரம் தரை தட்டியதும் ஹரிகிருஷ்ணனைக் கை கொடுத்து இறக்கி மணலில் உட்கார வைத்தான். போ போ என்று அவர் கையை ஆட்டினார். பேச மூச்சில்லை.

ஓடினான். ஈரமணல் காலை இழுத்தது.

தாலி கட்டினவர்கள் கட்டி முடித்திருந்தார்கள். பொம்பளைகள் கம்பு பிடுங்கி, சேலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நீலமேகம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் சூரியன் தண்ணீரை விட்டு நன்றாகவே எழும்பி நின்றது. படிகளில் மேலே இரண்டுதான் மிச்சம். மற்றதை அலை கொண்டுபோய்விட்டது.

சின்னராசு வெற்றிலையை எடுத்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நீலமேகம் அவன் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான்.

“எடுக்காத மச்சான். முடிஞ்சிபோச்சு. கடைசி வரைக்கும் உனக்காவத்தான் நின்னுகினு இருந்தேன். பெரியவங்க எல்லாம் பாத்துகினு கீறாங்க, நான் இன்னா பண்ணட்டும்?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பான். மச்சான் என்று கூப்பிட்டுவிட்டான். ஈர வெற்றிலையைச் சின்னராசு மறுபடி மடிப்பில் செருகிக்கொண்டான்.

ஆதியம்மாள் குடத்திலிருந்த மிச்சத் தண்ணீரை மணலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். புதுச் சேலைதான். கடற்கரையே வேடிக்கை பார்த்ததாம். தண்ணீரில் என்னவோ ஒன்று சுற்றுகிறது, திமிங்கிலமா படகா என்று ஆளுக்கொன்று சொன்னார்களாம். பக்கத்தில் வந்து நின்றவனை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

“எனக்குத் தெரியும் நீதான்னு. ஒவ்வொரு சுத்துலயும் இந்தப் பக்கம் பாத்த. குதிச்சி நீஞ்சி வர்றதுக்கு இன்னா?”

“சாருக்கு நீச்சல் வராது.”

கவிழ்த்த குடத்தின் கடைசிச் சொட்டையும் உதறினாள். பிறகு திட்டுப் பக்கம் பார்த்தாள். ஹரிகிருஷ்ணன் மணலில் மல்லாந்து கிடந்தார். ஆமை வண்டி ஒரு பக்கம் சரிந்து, அலை வரும்போதெல்லாம் லேசாகத் தலையை ஆட்டியது.

“ரோட்டுல வந்திருந்தா?”

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. நீ பார்க்க வேண்டும் என்றுதான் என்று சொல்லியிருக்கலாம். மதுராந்தகம் வரைக்கும் போய் உன் வாசலில் கவிழ்த்த சட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். வலது செயினில் விரலை வைத்து அழுத்தியதைச் சொல்லியிருக்கலாம். அவள் அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். புதுச் சட்டை முழுக்க கிரீஸ். கயிறு அறுத்த தோளில் ரத்தம் கட்டியிருந்தது. சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒன்று அவள் வாய் ஓரத்தில் வந்து அடங்கியது.

“வர்ற மகத்துக்கு நடந்து வாய்யா” என்றாள்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நீலமேகம் பிள்ளைகளைத் தூக்கி மேலே போட்டான். அவளுக்குக் கை கொடுத்து ஏற்றினான். பாத்திரம், கம்பு, சுருட்டின சேலை எல்லாவற்றுக்கும் நடுவில் பின்பலகையை ஒட்டி அவளுக்கு இடம் கிடைத்தது. லாரி மணலில் சிக்கிச் சிக்கி, நாலு பேர் தள்ளி, ஒரு வழியாகத் தார் ரோட்டைப் பிடித்தது. சின்னராசுவும் தள்ளினவர்களில் ஒருத்தன். தள்ளின வேகத்தில் கொஞ்ச தூரம் லாரியோடு கூடவே நடந்தான். அப்புறம் அது முந்திக்கொண்டது.

திருப்பம் வரும் வரை அவள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பின பிறகு பார்த்தாளோ என்னவோ, நடுவில் சவுக்குத் தோப்பு வந்துவிட்டது.